கவுன்சிலரா இருந்து எம்.பி. ஆனவங்களுக்கு அந்த அனுபவம் உண்மையிலே உதவுதா?

நாலாம்மண்டலம் — 2025 ஆகஸ்ட் 4, காலை 9.12

என் கருத்தை நேரா வைக்கிறேன். பத்து வருஷம் வார்டுல குழாய், சாக்கடை, தெருவிளக்குன்னு ஓடினவரை மக்களவைக்கு அனுப்புறதால அந்தத் தொகுதிக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்லை. வார்டு வேலை வேற, டெல்லி வேலை வேற. அங்கே போயும் ஹைமாஸ் விளக்குதான் போடுறாங்க. மறுப்பு இருந்தா ஆதாரத்தோட சொல்லுங்க. "மண்ணின் மைந்தர்" வசனம் வேண்டாம்.

கூட்டப்பொருள் — ஆகஸ்ட் 4, காலை 10.40

அகமதாபாத் நகராட்சியில் 1917-ல் சுகாதாரக் குழுவைப் பார்த்துக்கொண்டவர் வல்லபாய் படேல். 1924 முதல் 1928 வரை அதே நகராட்சிக்குத் தலைவர். அதாவது நம் நாட்டின் முதல் உள்துறை அமைச்சர் சாக்கடையிலிருந்து தொடங்கியவர்தான். ராஜாஜியும் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்.

சத்தியமூர்த்தி மட்டும் தலைகீழ். முதலில் மத்திய சட்டசபை, பிறகு 1939-ல் சென்னை மேயர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் வந்தது டெல்லிப் பேச்சுக்காக இல்லை, மேயர் வேலைக்காக.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 4, காலை 10.58

அதெல்லாம் சுதந்திரத்துக்கு முந்தின கதைங்க. இப்ப சொல்லுங்க.

பூத்117 — ஆகஸ்ட் 4, பகல் 1.25

இப்பவா? கோயம்புத்தூர் கணபதி ராஜ்குமார். கவுன்சிலர், மண்டலத் தலைவர், 2014 இடைத்தேர்தல்ல மேயர், அப்புறம் கட்சி மாறி 2024-ல எம்.பி. அண்ணாமலையை 1,18,068 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. கரூர் ஜோதிமணி க.பரமத்தி ஒன்றியக் கவுன்சிலரா இருந்தவங்க. 2011-ல சட்டமன்றத்துக்கு நின்னு தோல்வி, 2014-ல மக்களவைக்கு நின்னு தோல்வி, 2019-ல தம்பிதுரையை 4 லட்சத்து 20 ஆயிரம் வித்தியாசத்துல தோக்கடிச்சாங்க. 2024-ல மறுபடியும் அவங்கதான்.

போன மாசம் மாநிலங்களவையில பதவி ஏத்துக்கிட்ட சல்மா 2001-ல பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர். பேரூராட்சி ஆபீஸ்ல இருந்து நாடாளுமன்றத்துக்கு 24 வருஷம். வழி இருக்குது, ஆனா குறுக்கு வழி கிடையாது.

கடைசிபெஞ்ச் — ஆகஸ்ட் 4, பகல் 1.31

குடியரசுத் தலைவரை விட்டுட்டீங்களே அண்ணே. திரௌபதி முர்மு 1997-ல ராய்ரங்பூர் கவுன்சிலர். அரசமைப்பு 79-வது பிரிவுப்படி நாடாளுமன்றம்னா ரெண்டு அவையும் குடியரசுத் தலைவரும் சேர்த்துத்தான். ஆக கவுன்சிலர் ஒருத்தர் நாடாளுமன்றத்துல மூணுல ஒரு பங்கு!

படிவம்26 — ஆகஸ்ட் 4, மாலை 6.05

பெயர்ப் பட்டியல் எதையும் நிரூபிக்காது. வேலையைப் பார்ப்போம். கவுன்சிலராக இருந்தவர் எம்.பி. தேர்தலுக்கு வரும்போது முதலில் அடிபடும் இடம் வேட்புமனு. "உள்ளாட்சியில் மூன்று முறை தாக்கல் செய்தாயிற்று, இது என்ன பெரிய விஷயம்" என்ற தைரியம்தான் காரணம்.

மாநகராட்சி வார்டுக்கு 2022-ல் டெபாசிட் 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பணம் பிரச்சினை இல்லை. தாள்தான் பிரச்சினை. மனு படிவம் 2ஏ, சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் படிவம் 26. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் மேசையில் இருக்க வேண்டும். 3.05-க்கு வந்த பி படிவம் வெறும் காகிதம்.

படிவம் 26-ல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. பொருந்தாத இடத்தில் "இல்லை", "பொருந்தாது" என்று எழுதியே ஆக வேண்டும். நிரப்பச் சொல்லி அலுவலர் நினைவூட்டிய பிறகும் காலியாகக் கிடந்தால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்பாளர், துணை, சார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் பான் எண்ணும் ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும் வேண்டும். கவுன்சிலர்கள் அதிகம் சறுக்குவது மனைவி பெயரில் உள்ள சின்ன நிறுவனத்தில்தான்.

முன்னாள் மேயர்களுக்கு இன்னொன்று. கடந்த பத்து ஆண்டில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று கேட்பார்கள். அதை மனுத்தாக்கல் வாரத்தில் போய் வாங்க முடியாது.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 4, இரவு 8.20

சரி, மனு தாண்டிட்டாரு. ஓட்டு வாங்க வார்டு அனுபவம் உதவுதுன்னு ஒத்துக்கிறேன். நான் கேட்டது ஜெயிச்ச பிறகு.

பூத்117 — ஆகஸ்ட் 4, இரவு 9.02

ஓட்டு வாங்கவே முழுசா உதவாதுங்க, அதான் வேடிக்கை. தமிழ்நாட்டுல 39 தொகுதி, ஒவ்வொண்ணுலயும் ஆறு சட்டமன்றத் தொகுதி. 2024-ல மொத்தம் 68 ஆயிரம் பூத், அதாவது தொகுதிக்கு 1,750. வாக்காளர் சராசரி 16 லட்சம். ஸ்ரீபெரும்புதூர்னா அதுக்கும் மேல பல லட்சம். மார்ச் 30 மாலை சின்னம் முடிவாச்சு, ஏப்ரல் 17 மாலை பிரச்சாரம் ஓய்ஞ்சுது. 18 நாள். எல்லா பூத்தையும் தொடணும்னா ஒரு நாளைக்கு 97 பூத். வீடு வீடாப் போய் "அக்கா, நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு ஜெயிச்சவருக்கு இது கை கால் உதறும்.

அவருக்குக் கை கொடுக்கிறது வேற ஒண்ணு. பூத் ஏஜென்ட் யாரு, சாயங்காலம் 17சி படிவத்தை (பூத்துல பதிவான ஓட்டுக் கணக்கு) எண்ணிக்கை சரிபார்த்துக் கையெழுத்தோட வாங்கி வர்றது யாருன்னு ஒரு வார்டு அளவுல அனுபவிச்சுத் தெரிஞ்சவரு, 1,750 பேருக்கும் அதையே கேட்பாரு. மேலேர்ந்து இறங்கினவருக்கு 17சி-ன்னா என்னன்னே தெரியாது. ஓட்டு எண்ணுறப்ப மேசையில தகராறு வந்தா அந்தத் தாள்தான் கையில இருக்கணும்.

படிவம்26 — ஆகஸ்ட் 4, இரவு 9.30

செலவுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு 70 லட்சம். மேலே பூத்117 சொன்ன எண்ணிக்கையால் வகுத்தால் பூத்துக்கு 4,000 ரூபாய். டீச் செலவுக்கே

படிவம்26 — ஆகஸ்ட் 4, இரவு 9.41

பாதியில் அழுத்திவிட்டேன், அதிலும் தவறு. 70 லட்சம் பழைய கணக்கு. 2022 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு 95 லட்சம். பூத்துக்கு 5,400 சொச்சம், வாக்காளருக்கு 6 ரூபாய்.

உள்ளாட்சியில் கணக்கைக் கடைசியில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்ற பழக்கம் உண்டு. மக்களவையில் அது நடக்காது. மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாவது தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். பதிவேடு மூன்று பகுதி: அன்றாடச் செலவு வெள்ளைத்தாள், ரொக்கம் இளஞ்சிவப்பு, வங்கி மஞ்சள். பிரச்சார நாள்களுக்குள் குறைந்தது மூன்று முறை தேர்தல் செலவுப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். அவர்களிடம் நிழல் பதிவேடு என்று ஒன்று இருக்கும். நீங்கள் 200 நாற்காலி என்று எழுதியிருப்பீர்கள், அவர்கள் எடுத்த வீடியோவில் 1,500 இருக்கும். தனி ஒருவருக்கு ரொக்கமாக 10,000-க்கு மேல் தரக் கூடாது. நட்சத்திரப் பேச்சாளர் மேடையில் வேட்பாளரும் ஏறி நின்றால் கூட்டச் செலவு அவர் கணக்கிலும் ஏறும். முடிவு அறிவித்து 30 நாளில் கணக்கு ஒப்படைக்கவில்லை என்றால் மூன்று ஆண்டு வரை தகுதியிழப்பு. தோற்றவருக்கும் இதே கதிதான். கவுன்சிலராகத் திரும்பிப் போகலாம் என்று நினைத்தாலும் அடுத்த முறை எங்கே நின்றாலும் இது எதிர்க்கட்சிக்காரர் வாயில் வரும்.

கடைசிபெஞ்ச் — ஆகஸ்ட் 5, காலை 7.50

ஒரு சந்தேகம். ஜெயிச்சா 14 நாள்ல கவுன்சிலர் பதவியை ராஜினாமா பண்ணணும்தானே? இல்லேன்னா எம்.பி. பதவி போயிடும்னு படிச்ச ஞாபகம்.

கூட்டப்பொருள் — ஆகஸ்ட் 5, காலை 9.15

அது எம்.எல்.ஏ.க்கு. அரசமைப்பின் 101-வது பிரிவும் 1950 விதிகளும் நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பதைத்தான் தடுக்கின்றன. அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலி. உள்ளாட்சிப் பதவி அந்தக் கணக்கில் வராது. அதை மாநில உள்ளாட்சிச் சட்டமும் கட்சியின் முடிவும் பார்த்துக்கொள்கின்றன. நடைமுறையில் விட்டுவிடுவதுதான் வழக்கம். திருநெல்வேலி மேயர் விஜிலா சத்யானந்த், தூத்துக்குடி மேயர் சசிகலா புஷ்பா இருவரும் 2014-ல் மாநிலங்களவைக்குப் போனபோது மேயர் பதவியை விட்டார்கள். அந்தச் செப்டம்பர் மேயர் இடைத்தேர்தலில் கோவையும் சேர்ந்தது. அதில்தான் பூத்117 சொன்ன கணபதி ராஜ்குமார் மேயர் ஆனார். ஒருவர் டெல்லி போனால் கீழே எத்தனை நாற்காலி நகர்கிறது பாருங்கள்.

இன்னொரு சுவாரசியம்: 243ஆர் பிரிவுப்படி, தொகுதிக்குள் வரும் நகராட்சி மன்றத்தில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இடம் கொடுக்க மாநிலம் சட்டம் செய்யலாம். ராஜினாமா செய்த மன்றத்துக்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு வரலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

படிவம்26 — ஆகஸ்ட் 5, காலை 9.50

கடைசி வரியைத் திருத்த வேண்டும் ஐயா. ஓட்டு கிடையாது என்று அரசமைப்பே சொல்வது சிறப்பு அறிவுள்ளவர் என்று நியமிக்கப்படுபவர்களுக்கு மட்டும். எம்.பி.க்கு ஓட்டு உண்டா இல்லையா என்பது மாநிலச் சட்டம்.

கூட்டப்பொருள் — ஆகஸ்ட் 5, காலை 10.02

ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 5, பகல் 12.30

எல்லாரும் சுத்தி சுத்தி வர்றீங்க. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி, அந்த அஞ்சு கோடிக்கு வாங்க. அந்தப் பணத்தை வெச்சு என்ன கிழிச்சாங்க?

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 5, பகல் 3.10

இதுக்காகத்தான் காத்திருந்தேன். முதல்ல, எம்.பி. கையில் அஞ்சு கோடி வருவதில்லை. அஞ்சு பைசாவும் வருவதில்லை. அவர் பரிந்துரை செய்கிறார், மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கிறது. 1993 டிசம்பரில் ஆரம்பிச்ச திட்டம். முதல் வருஷம் 5 லட்சம், அடுத்தது 1 கோடி, 1998-99 முதல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. கொரோனா சமயத்தில் நிறுத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் புது வழிகாட்டுதல், எல்லாம் இ-சாக்‌ஷி தளத்தில். பரிந்துரை போனால் 45 நாளுக்குள் முடிவு சொல்லணும்.

இப்போ வகுத்துப் பாருங்க. 5 கோடியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் பகுதிக்கு, 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கு. மீதம் 3 கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம். ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் தலா 64 லட்சத்து சொச்சம். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தருக்கே வருஷம் 3 கோடி. அதாவது ஒரே தெருவில் எம்.எல்.ஏ. போடுற பணத்தில் அஞ்சில் ஒரு பங்குதான் எம்.பி. போட முடியும். அதை ஹைமாஸ் விளக்கா மாற்றி ஆறு தொகுதிக்கும் தெளிச்சா யார் கண்ணுக்கும் படாது. நாலாம்மண்டலம் சொல்றதில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கு. பழைய கவுன்சிலர் புத்தி "எல்லா வார்டுக்கும் ஒண்ணு" என்று பிரிக்கச் சொல்லும்.

ஆனா அதே ஆள்தான் எஸ்டிமேட்டைப் படிக்கத் தெரிந்தவர். பொறியாளர் கொண்டு வரும் மதிப்பீட்டில் சமுதாயக் கூடத்துக்கு மின் இணைப்பு இல்லை, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதைத் தாளிலேயே பிடிச்சிடுவார். கட்டி முடிச்சுப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் பெரும்பாலானது இப்படி விட்டுப்போன ஒரு வரியால் வந்தது. பரிந்துரை போடுவதற்கு முன்னால் மூணு கேள்வி: இடம் யார் பெயரில்? முடிஞ்ச பிறகு கரண்ட் பில் யார் கட்டுவது? அதுக்கு உள்ளாட்சி மன்றத் தீர்மானம் இருக்கா? இதைக் கேட்கத் தெரிந்த எம்.பி.யின் பணம் தேங்காது. தெரியாதவரோட பரிந்துரை "நில உரிமை தெளிவில்லை" என்ற குறிப்போட திரும்பி வரும், அதுக்குள்ள அந்த நிதியாண்டே முடிஞ்சிடும்.

பூத்117 — ஆகஸ்ட் 5, பகல் 3.40

எம் புக்கை விட்டுட்டீங்க. அதான், பொறியாளர் வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகம். கவுன்சிலரா உருப்படியா இருந்தவருக்கு அதைப் படிக்கத் தெரியும். நீளம், அகலம், கனம் மூணு பத்தி. ரோட்டுல கடப்பாறை போட்டு கனம் பார்த்துட்டுப் புத்தகத்தைக் கேட்டாருன்னா உதவிப் பொறியாளருக்கு வேர்க்கும்.

கடைசிபெஞ்ச் — ஆகஸ்ட் 5, மாலை 4.15

எம் புக் படிக்கத் தெரிஞ்ச கவுன்சிலர்ல பாதிப் பேர் அதை எதுக்குப் படிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் அண்ணே. 😀

பூத்117 — ஆகஸ்ட் 5, மாலை 4.20

அதுவும் உண்மைதான்.

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 6, காலை 8.35

நேத்து விட்டது. நிதியைவிடப் பெரிய கருவி 'திஷா' குழு. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு. தலைவர் எம்.பி., ஆட்சியர் உறுப்பினர் செயலர். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். நூறு நாள் வேலை, வீடு, குடிநீர், சாலை என்று மத்தியப் பணம் வரும் திட்டம் எல்லாம் அந்த மேசைக்கு வரும். அஞ்சு கோடியோட ஒப்பிட்டால் இது பல நூறு கோடி.

இங்கேதான் மன்றக் கூட்ட அனுபவம் நேரா வேலை செய்யுது. கூட்டப்பொருளை முந்தின நாளே வாங்குவது, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை முதலில் எடுத்து "இது என்ன ஆச்சு" என்று வரிவரியாகக் கேட்பது, "நடவடிக்கையில் உள்ளது" என்ற பதிலை ஏற்காமல் தேதி கேட்பது. ஆறு மாசம் மாநகராட்சி மன்றத்தில் ஒழுங்கா உட்கார்ந்தாலே இது வந்துடும். நட்சத்திர எம்.பி.க்கள் பலரும் அந்தக் கூட்டத்தைப் புகைப்படத்தோட முடிச்சுடறாங்க.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 6, காலை 9.20

திஷா விஷயம் நான் யோசிக்காதது. ஆனா இதுவும் மாவட்டத்துலதான் நடக்குது. அவைக்குள்ள?

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 6, காலை 11.45

அவைக்குள்ளே பழைய கவுன்சிலருக்கு மூணு அதிர்ச்சி.

முதலாவது நேரம். மன்றத்தில் எழுந்து நின்னு கத்தினா மேயர் கேட்டுத்தான் ஆகணும். மக்களவையில் விவாத நேரம் கட்சி பலத்தைப் பொறுத்துப் பிரிக்கப்படும். 18-வது மக்களவையில் தமிழ்நாட்டிலிருந்து தி.மு.க.வுக்கு 22 பேர், காங்கிரஸுக்கு 9, வி.சி.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குத் தலா 2, ம.தி.மு.க., முஸ்லிம் லீக் தலா 1. ஒற்றை ஆள் கட்சிக்கு வரும் நிமிஷங்களில் வணக்கம் சொல்லவே ஒரு பங்கு போயிடும். கூட்டத்தொடரில் ஒரு தடவை பேச வாய்ப்பு வந்தாலே அதிர்ஷ்டம். தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. வேகமாப் பேசினா மொழிபெயர்ப்பாளர் பின்தங்கிடுவார், அமைச்சர் காதில் பாதிதான் விழும்.

ரெண்டாவது கொறடா. உள்ளாட்சிக்குப் பத்தாவது அட்டவணை (அரசமைப்பில் இருக்கும் கட்சித்தாவல் தடை) கிடையாது. கேரளம் 1999-ல் உள்ளாட்சிக்குத் தனியா ஒரு கட்சித்தாவல் தடைச் சட்டம் போட்டது, அது வேற. நாடாளுமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி வாக்களிச்சாலோ வராமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவிக்கே ஆபத்து. மேயர் தேர்தலில் மாத்திக் குத்திப் பழகினவங்க இதைக் கவனிக்கணும்.

மூணாவது, அதிகாரியை நேரா வேலை ஏவ முடியாது. உதவிப் பொறியாளருக்கு போன் போட்டா ஜே.சி.பி. வரும் பழக்கம் அங்கே செல்லாது. கேட்பதுதான் ஆயுதம். அதனால கேள்வி எழுதத் தெரியணும்.

கடைசிபெஞ்ச் — ஆகஸ்ட் 6, பகல் 12.10

சம்பளத்தையும் சொல்லுங்க. நம்ம ஆட்களோட முதல் கேள்வி அதானே.

படிவம்26 — ஆகஸ்ட் 6, பகல் 1.00

மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 10,000 மதிப்பூதியம். நகராட்சி 5,000, பேரூராட்சி 2,500. எம்.பி.க்குச் சம்பளம் 1,24,000, தொகுதிப் படி 87,000, அலுவலகச் செலவுக்கு 75,000, கூட்டத்தொடர் நாளுக்கு 2,500. எல்லாம் 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 2025 மார்ச்சில் அறிவித்தது. அலுவலகப் படியில் 50,000 உதவியாளர் சம்பளத்துக்கு. அந்த உதவியாளராக மைத்துனரை வைப்பதா, கேள்வி எழுதத் தெரிந்த ஒருவரை வைப்பதா என்பதில் ஐந்து ஆண்டும் அடங்கியிருக்கிறது.

கூட்டப்பொருள் — ஆகஸ்ட் 6, இரவு 10.20

ஒன்றை யாரும் தொடவில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதிலும் கவுன்சிலர் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. ஊரகத்தில் 27 மாவட்டங்களின் பதவிக்காலம் இந்த ஜனவரியில் முடிந்து அங்கேயும் தனி அலுவலர். கவுன்சிலராக இருந்து கற்றுக்கொண்டு மேலே வரும் பாதையையே ஐந்து ஆண்டு மூடி வைத்துவிட்டு, "உள்ளூர் ஆள் ஏன் எம்.பி. ஆவதில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பெண்கள் கணக்கு இன்னும் கொடுமை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 39 மக்களவை உறுப்பினரில் பெண்கள் 5 பேர். அந்த 50 சதவீதம் எங்கே கரைகிறது? வார்டு சுழற்சியில் பொதுவாக மாறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கணவர் பெயரில் போஸ்டர் அடித்த வார்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் வந்த 106-வது திருத்தம் மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு தருகிறது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகு.

பூத்117 — ஆகஸ்ட் 7, காலை 6.40

சல்மா உதாரணத்துல ஒரு திருத்தம் எனக்கு நானே. அது மாநிலங்களவை. மக்கள் ஓட்டு கிடையாது. ஆறு இடத்துக்குத் தேர்தல்னா 234 எம்.எல்.ஏ.ல 34 பேரோட முதல் விருப்ப வாக்கு வேணும். ஆறு இடத்துக்கு ஆறே பேர் நின்னதால இந்தத் தடவை வாக்கெடுப்பே இல்லை. கட்சித் தலைமை பேரைச் சொன்னா முடிஞ்சுது. அதனால "பேரூராட்சியில நல்லா வேலை செஞ்சதால மாநிலங்களவை"ன்னு நேர்கோடு போடக் கூடாது. ஜோதிமணி, ராஜ்குமார் கணக்கு வேற, அது ஓட்டு.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 7, காலை 9.05

இப்ப உருப்படியா ஒண்ணு. ரயில் பாதைக்குக் கீழ ஒரு சுரங்கப்பாதை, மழை பெய்ஞ்சா இடுப்பளவு தண்ணி. கவுன்சிலர் ரயில்வே இடம்னு கையை விரிக்கிறாரு, ரயில்வே மாநகராட்சி மோட்டார்னு கையை விரிக்குது. கவுன்சிலரா இருந்த ஒரு எம்.பி. இதுல என்ன செய்வாரு? வசனம் வேண்டாம், படிப்படியாச் சொல்லுங்க.

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 7, பகல் 2.30

தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் பெட்டி ரயில்வே பொறுப்பு. அணுகுசாலை, வடிகால், மோட்டார் பெரும்பாலும் உள்ளாட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. எது யார் பொறுப்பு என்பது கட்டும்போது போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். முதல் வேலை அந்தத் தாளை எடுப்பது. பழைய கவுன்சிலருக்கு அது மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் எந்த அலமாரியில் இருக்கும் என்று தெரியும். மத்தவங்க இதுக்கே ஆறு மாசம் கடிதம் எழுதுவாங்க.

அடுத்து கேள்வி. மக்களவையில் ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி வரை கொடுக்கலாம். குறைஞ்சது 15 முழு நாள் முன்னதாகக் கொடுக்கணும். குலுக்கலில் வந்தாதான் பட்டியல். நாளொன்றுக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாதது 230. நட்சத்திரம் என்றால் வாய்மொழிப் பதில், துணைக் கேள்வி கேட்கலாம். ஆனா பட்டியலில் 14-வது இடத்தில் விழுந்தா அந்த ஒரு மணி நேரத்துக்குள் வராது. இந்த மாதிரி விஷயத்துக்கு நட்சத்திரமில்லாத கேள்விதான் சரி. எழுத்தில் பதில், அதில் அமைச்சர் பெயர் இருக்கும்.

படிவம்26 — ஆகஸ்ட் 7, பகல் 2.48

பத்து இல்லை, இப்போது ஐந்து.

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 7, பகல் 3.05

ஆமா, ஐந்து. பழைய ஞாபகம்.

கேள்வி 150 சொல்லுக்குள். மாநில அரசோட வேலையைக் கேட்டா தள்ளுபடி. அன்றாட நிர்வாகம் என்று தோன்றினாலும் தள்ளுபடி. "எங்க ஊர்ச் சுரங்கப்பாதையில் தண்ணி ஏன் தேங்குது" என்று மட்டும் எழுதினால் அந்தக் குழியில்தான் விழும். ரயில்வே கோட்ட அளவுக்கு விரிக்கணும், உங்க இடத்தை உள்ளே ஒரு வரியாச் செருகணும்.

பதிலில் "தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்" என்று வந்தா ஏமாந்துட்டோம் என்று நினைக்காதீங்க. அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூணு மாசத்துக்குள் நிறைவேத்தணும், இல்லேன்னா அரசு உறுதிமொழிகள் குழு துரத்தும். புது எம்.பி.க்கள் அந்தப் பதிலைப் பார்த்துத் தாளைத் தூக்கிப் போட்டுடறாங்க. மன்றத்தில் "பரிசீலிக்கப்படும்" என்ற சொல்லைத் துரத்திப் பழகினவர் போட மாட்டார்.

இன்னொரு வழி மக்களவை நடத்தை விதிகளில் 377-வது விதி. 250 சொல்லுக்குள் ஒரு அறிக்கை, ஒரு நாளைக்கு 20 பேர். பின்னால் அமைச்சரிடமிருந்து கடிதமாகப் பதில் வரும்.

பூத்117 — ஆகஸ்ட் 7, மாலை 5.15

சுரங்கப்பாதையே பத்தாது, மேம்பாலம் வேணும்னா டி.வி.யூ. (ரயில்-வண்டி அலகு) கணக்கைக் கேளுங்க. ஒரு நாள் ரயில் எண்ணிக்கையை ரோட்டு வண்டி அலகால பெருக்கணும். ஒரு லட்சம் தாண்டினா ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பங்கு போட்டு மேம்பாலம் கட்டலாம்ங்கிறது நெடுநாள் அளவுகோல். 60 ரயில், 1,700 வண்டி அலகுன்னா 1,02,000. 1,600-ன்னா 96,000, கோட்டை விட்டுடும். எந்த நாள் எண்ணினாங்கங்கிறது முக்கியம். ஞாயித்துக்கிழமை எண்ணியிருந்தா மறுபடி எண்ணச் சொல்லிக் கேளுங்க.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 8, காலை 8.10

வாதத்தைப் பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். நானே ஒரு கேள்வி எழுதிப் பார்த்தேன், எங்க எம்.பி. அலுவலகத்துல கொடுக்கலாம்னு:

"ரயில்வே அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) சேலம் கோட்டத்தில் மழைக்காலத்தில் நீர் தேங்குவதாகக் கண்டறியப்பட்ட ரயில்வே சுரங்கப்பாதைகள் எத்தனை; இடவாரியான விவரம் என்ன;
(ஆ) அவற்றில் நீர் வெளியேற்றும் வசதியின் பராமரிப்புப் பொறுப்பு ஒப்பந்தப்படி யாருடையது;
(இ) மாநகராட்சி வடிகால் தூர்வாரப்படாததற்குக் காரணம் என்ன;
(ஈ) கடந்த மூன்று ஆண்டுகளில் இதற்காக ஒதுக்கிய, செலவிட்ட தொகை எவ்வளவு;
(உ) நிரந்தரத் தீர்வுக்குக் காலவரையறை உண்டா?"

டெல்லிகுளிர் — ஆகஸ்ட் 8, காலை 9.30

(ஆ) அருமை. (உ)-வில் "உண்டா" என்று கேட்டா "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிச்சிடுவாங்க. "காலவரையறை என்ன, இல்லையெனில் காரணம் என்ன" என்று மாத்துங்க. (ஈ)-யில் "ஆண்டுவாரியாக" சேருங்க.

கூட்டப்பொருள் — ஆகஸ்ட் 8, காலை 9.44

(இ)-யை எடுத்துவிடுங்கள். அது ரயில்வே அமைச்சர் வேலை இல்லை, அந்த ஒரு வரியாலேயே முழுக் கேள்வியும் தள்ளுபடியாகலாம். அதை உங்கள் வார்டு கவுன்சிலர்தான் மன்றத்தில் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாலாம்மண்டலம் — ஆகஸ்ட் 8, காலை 10.01

எடுத்தாச்சு. (இ)-யை மட்டும் தனித்தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு வார்டு ஆபீஸுக்குப் போயிட்டிருக்கேன்.